பீடியா, பசியா, படிப்பின்மையா: பழைய தென்னார்க்காட்டின் சாவுக் கணக்கு

கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் விடியற்காலைப் பஸ்ஸில் ஏறினால் நான்கைந்து பேர் மடியிலாவது பெரிய பழுப்பு உறை இருக்கும். உள்ளே எக்ஸ்ரே படம். ஜிப்மர் மருத்துவமனையில் சீட்டு வாங்கும் வரிசையில் முன்னால் நிற்க வேண்டுமென்று இருட்டிலேயே வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள். பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக் காட்டில் வேலை செய்கிறவர், தேவனாம்பட்டினத்து மீனவர், கொத்தனாரோடு சித்தாளாகப் போகிறவர் என்று பலவகை. பஸ் கிளம்புமுன் கடையோரம் நின்று ஒரு பீடியைப் பற்றவைத்து, பாதியில் அணைத்துக் காதிடுக்கில் செருகிக்கொண்டு ஏறியவர் ஒருவரையும் பார்த்திருக்கிறேன். அவர் கையிலும் உறை இருந்தது.

அவர் ஏன் இருமுகிறார் என்று கேட்டால் மூன்று பதில் கிடைக்கும். மருத்துவர் அந்தக் காதிடுக்கைக் காட்டுவார். தொழிற்சங்கக்காரர் கூலியைச் சொல்வார். பக்கத்து இருக்கையில் ஓய்வுபெற்ற வாத்தியார் யாராவது இருந்தால், ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியதுதான் எல்லாவற்றுக்கும் மூலம் என்பார். மூவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் மூன்றையும் ஒன்றாகக் குழைத்து, ‘ஏழைக்கு ஆயுள் குறைவு’ என்று முடித்துவிடுவது சோம்பேறித்தனம். எது எதன் வழியாக ஆளைக் கொல்கிறது என்று ஓரளவு பிரித்துப் பார்க்க முடியும். அப்படிப் பிரித்துப் பார்த்த பெரிய முயற்சிகளில் ஒன்று நம் பக்கத்திலேயே நடந்தது.

1993 செப்டம்பர் வரை கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காடு ஒரே மாவட்டம். அதிலிருந்து பிரிந்ததுதான் புதுச்சேரியைச் சூழ்ந்து கிடக்கும் விழுப்புரம். 1990களின் பிற்பகுதியில் அந்த விழுப்புரம் கிராமங்களிலும் சென்னை நகரிலும் நோயால் இறந்த ஆண்களைப் பற்றி வீடுவீடாக விசாரித்தார்கள். நகரத்தில் சுமார் 27,000 சாவுகள், கிராமத்தில் 16,000. ஒப்பிட்டுப் பார்க்க, உயிரோடிருக்கும் ஆண்கள் 35,000 பேர். சென்னை ஆய்வாளர் வி. கஜலட்சுமியும் ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் பீட்டோவும் சக ஆய்வாளர்களும் இதன் முடிவை 2003இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார்கள்.

வீடுவீடாக ஏன் போக வேண்டும்? கிராமத்தில் பெரும்பாலோர் வீட்டில்தான் இறக்கிறார்கள். மருத்துவர் பார்த்துச் சான்று எழுதும் சாவு குறைவு. பதிவேட்டில் ‘மாரடைப்பு’ என்றோ ‘முதுமை’ என்றோ ஒரு சொல் இருக்கும். சமயத்தில் அதுவும் இராது. ஆகவே பயிற்சி பெற்ற களப்பணியாளர் இறந்தவரின் மனைவியிடமோ மகனிடமோ உட்கார்ந்து பேசுவார். எத்தனை நாள் இருமினார், சளியில் இரத்தம் வந்ததா, உடம்பு இளைத்ததா, நெஞ்சு வலி எந்தப் பக்கம், கடைசியாக எந்த மருந்து சாப்பிட்டார் என்று கேட்டு, சொல்வதைச் சொன்னபடியே எழுதிக்கொள்வார். அதை மருத்துவர்கள் படித்துக் காரணத்தைத் தீர்மானிப்பார்கள். வாய்மொழிச் சாவு விசாரணை என்று இதைச் சொல்லலாம். கூடவே ஒரு கேள்வி: புகைப்பாரா?

கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும் இந்த வேலை ஒரு பழைய எண்ணத்தைப் புரட்டிப்போட்டது. புகையென்றால் புற்றுநோய் என்றுதான் நாம் கேட்டு வளர்ந்தோம். மேற்கு நாட்டு ஆய்வுகள் சொன்னதும் அதுதான், கூடவே மாரடைப்பு. விழுப்புரத்திலும் சென்னையிலும் எண்ணியபோது முன்வரிசையில் வந்து நின்றது காசநோய். 25 முதல் 69 வயதுக்குள், புகைத்தவர்கள் நோயால் சாகும் வேகம் புகைக்காதவர்களைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. காசநோயை மட்டும் தனியே எடுத்தால் நான்கு மடங்குக்கும் மேல். இந்தியாவில் காசநோயால் இறக்கும் ஆண்களில் ஏறத்தாழப் பாதிப்பேரின் சாவில் புகைக்குப் பங்கு இருக்கிறது என்று கணக்கிட்டார்கள்.

நம் ஊரில் காசநோய்க் கிருமி பலர் உடலில் சத்தமின்றி உறங்கிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுவதும் அது விழிப்பதே இல்லை. மூச்சுக்குழாயில் அழுக்கைத் துடைத்துத் தள்ளும் மெல்லிய மயிரிழைகள் உண்டு, கிருமியை விழுங்கி அடைத்துவைக்கும் அணுக்கள் உண்டு. பல ஆண்டுப் புகை இரண்டையும் நொய்யச் செய்துவிடுகிறது. அடைபட்ட கிருமி வெளியே வந்துவிடுகிறது. கிருமி இல்லாத லண்டன்காரரின் பீடி வேறு, கிருமியோடு வாழும் திண்டிவனத்துக்காரரின் பீடி வேறு. புகை ஒன்றுதான். அது போய் விழும் இடம் வேறு.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும். பீடி குடிக்கிறவர் பெரும்பாலும் ஏழை. ஏழைக்குத்தான் காசநோய் வரும். அப்படியானால் பீடிமேல் போடும் பழி உண்மையில் பசியின் பழியாக இருக்கக் கூடாதா?

எண்கள் எப்படி ஏமாற்றும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் இங்கிலாந்தின் விக்கம் என்ற ஊரிலிருந்து வருகிறது. 1970களின் தொடக்கத்தில் அங்கே 1,314 பெண்களிடம் புகைப் பழக்கத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். இருபது ஆண்டு கழித்துப் பார்த்தால், புகைத்த 582 பேரில் 139 பேர் இறந்திருந்தார்கள், அதாவது நூற்றுக்கு 24. புகைக்காத 732 பேரில் 230 பேர், நூற்றுக்கு 31. புகைத்தவர்கள்தான் அதிகம் பிழைத்திருக்கிறார்கள்! சிகரெட் கம்பெனி கண்டால் சுவரில் எழுதிவைத்திருக்கும். விஷயம் என்னவென்றால், அந்தக் காலத்துக் கிழவிகளில் புகைத்தவர்கள் குறைவு. புகைக்காதவர் கூட்டத்தில் எழுபது வயதுக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். அவர்கள் வயதால் இறந்தார்கள். ஒரே வயதுக்காரர்களை ஒருவரோடொருவர் ஒப்பிட்டதும் கணக்கு தலைகீழானது.

என் சித்தப்பாவும் இதே பிழையைத்தான் செய்வார். ‘சின்னத் தாத்தா எண்பத்தெட்டு வயது வரை சுருட்டுப் பிடித்தார், என்ன ஆகிவிட்டது?’ என்பார். (சுருட்டு நம் சொல்தான், ஆங்கிலேயர் அதை எடுத்துக்கொண்டு போய்ச் ‘செரூட்’ ஆக்கிக்கொண்டார்கள்.) அதே திண்ணையில் உட்கார்ந்து அவரோடு சுருட்டுப் பிடித்த அண்ணன், தம்பி இருவரும் அறுபதைத் தாண்டவில்லை. திண்ணையில் மிஞ்சியவரின் கதைதான் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆகவே வயதைச் சமப்படுத்தியது போலப் படிப்பையும் சமப்படுத்திப் பார்க்க வேண்டும். 2008இல் வெளியான அகில இந்திய ஆய்வு அதைச் செய்தது. பிரபாத் ஜா தலைமையில், 11 லட்சம் வீடுகளில். கஜலட்சுமியும் அதில் இருந்தார். வயது, கல்வி, குடிப்பழக்கம் மூன்றையும் கணக்கில் கழித்த பிறகும், பீடி குடிக்கும் ஆண்களின் ஆயுள் சுமார் 6 ஆண்டு குறைந்தது. பீடி குடிக்கும் பெண்களுக்கு 8, சிகரெட் பிடிக்கும் ஆண்களுக்கு 10. ஒத்த நிலையில் உள்ள இருவரில், புகைக்கும் ஆண் 30க்கும் 69க்கும் இடையில் சாகும் வாய்ப்பு நூற்றுக்கு 61, புகைக்காதவருக்கு 41. ஆக, படிப்பை ஒதுக்கிவைத்தாலும் பீடியின் கணக்கு கரையவில்லை.

பீடிக்கு ஆறு, சிகரெட்டுக்குப் பத்து என்று பார்த்து, பீடி சாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பீடிக்குள் இருப்பது சிகரெட்டில் உள்ள புகையிலையில் நாலிலொரு பங்குதான். இலைச் சுற்று காற்றை எளிதில் விடாது, அடிக்கடி இழுக்காவிட்டால் அணைந்துவிடும். எனவே ஒவ்வொன்றையும் வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. கால்பங்குப் புகையிலையை வைத்துக்கொண்டு இவ்வளவு வேலை செய்கிறதென்றால் அதன் திறமையை என்னவென்பது.

மறுபக்கத்துக் கேள்வி இதைவிடச் சுவையானது. புகையை நீக்கிவிட்டால் பணக்காரனுக்கும் ஏழைக்கும் உள்ள ஆயுள் இடைவெளி எவ்வளவு மிஞ்சும்?

ஸ்காட்லாந்தில் ரென்ஃப்ரூ, பெய்ஸ்லி என்று இரண்டு ஊர்கள். 1972 முதல் 1976 வரை அங்கே நடுவயதுக்காரர்கள் சுமார் 15,000 பேரைச் சேர்த்து, 28 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். கடைநிலையில் உள்ள புகைக்காத ஆள், மேல்நிலையில் உள்ள புகைக்கும் ஆளைவிட அதிகம் பிழைத்திருந்தார். பெண்களுக்கு ஆண்களைவிட ஆயுள் கூடுதல் என்பது உலகெங்கும் உள்ள வழக்கம். புகை அந்தச் சலுகையையும் அழித்துவிட்டது. இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா, போலந்து நாடுகளின் 1996ஆம் ஆண்டுச் சாவுகளை ஒப்பிட்ட 2006ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றும் உண்டு. நடுவயது ஆண்களிடையே மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் உள்ள சாவு வித்தியாசத்தில் பாதிக்கு மேல் புகையால் வந்தது என்றது அது. அமெரிக்க வரிக் கணக்குகளை வைத்து 2016இல் பொருளியலாளர் ராஜ் செட்டியின் குழு செய்த ஆய்வில், மிகப் பணக்கார நூற்றுக்கு ஒருவருக்கும் மிக ஏழை நூற்றுக்கு ஒருவருக்கும் ஆண்களில் 14.6 ஆண்டு இடைவெளி இருந்தது. அதே ஏழைகள் ஓர் ஊரில் நீண்டும் இன்னோர் ஊரில் குறைந்தும் வாழ்ந்தார்கள். அந்த வேறுபாடு, எந்த ஊரில் எவ்வளவு புகைக்கிறார்கள் என்பதோடு ஒட்டிப்போனது.

இத்தோடு நிறுத்தினால் தொழிற்சங்கக்காரர் கோபித்துக்கொள்வார். அவருக்கும் சான்று இருக்கிறது. 1967இல் லண்டனின் வைட்ஹால் அலுவலகங்களில் சுமார் 18,000 ஆண் அரசு ஊழியர்களைப் பரிசோதித்தார்கள். மருத்துவ ஆய்வாளர் மைக்கேல் மார்மட்டின் பெயர் இந்த ஆய்வோடுதான் ஒட்டிக்கொண்டது. இவர்களில் யாரும் பட்டினி கிடந்தவர் இல்லை, எல்லோருக்கும் நிலையான வேலை. ஆனாலும் கடைநிலை ஊழியருக்கு இதயநோய்ச் சாவு உச்சியில் இருந்த அதிகாரியைப் போல் சுமார் மூன்று மடங்கு. புகை, இரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கழித்தாலும் இடைவெளியின் பெரும்பகுதி அப்படியே நின்றது. தன் வேலைமேலும் தன் நாள்மேலும் தனக்குப் பிடி இல்லாத நிலைதான் உடலை அரிக்கிறது என்பது மார்மட்டின் வாதம். புதுச்சேரி ஆலைத் தொழிலாளர் வரலாறு தெரிந்தவருக்கு இது புதிதாகத் தோன்றாது. 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சுப் போலீஸ் சுட்டதில் பன்னிரண்டு தொழிலாளர் இறந்தார்கள். அவர்கள் கேட்டதில் எட்டு மணி நேர வேலையும் ஒன்று. மாதம் பிறந்தால் சம்பளம், உடம்பு சுகமில்லை என்றால் இ.எஸ்.ஐ. சீட்டு என்பது ஒரு தலைமுறைக்குக் கிடைத்தது. பிறகு அதுவும் போயிற்று: புதுச்சேரியின் ஏ.எஃப்.டி. பஞ்சாலை 2020இல் மூடப்பட்டது.

பணம் மட்டும் கையில் வந்தால் ஆயுள் கூடுமா? சுவீடனில் லாட்டரி விழுந்தவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். லாட்டரிக்கு நல்லவன், படித்தவன், சோம்பேறி என்ற பாகுபாடு கிடையாது என்பதால் அது நல்ல சோதனை. 2016இல் வந்த முடிவு: விழுந்த பணத்தால் பெரியவர்களின் சாவு விகிதம் குறிப்பிடும்படி மாறவில்லை. இதை எடுத்துக்கொண்டு ‘ஏழைக்குப் பணம் கொடுத்துப் பயனில்லை’ என்று பேசுகிறவர்களிடம் ஜார்க்கண்டைக் காட்ட வேண்டும். அங்கே நான்கு மாவட்டங்களில் காசநோயாளிகளின் வீட்டாருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ துவரம் பருப்பும், கூடவே நுண்சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். அவ்வளவுதான். 2023இல் முடிவு வந்தபோது, அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது ஏறக்குறைய நூற்றுக்கு 40 குறைந்திருந்தது. சுவீடன்காரருக்கு லாட்டரிப் பணம் போகும் இடம் வேறு. இங்கே அது சோற்றுத் தட்டுக்குப் போகிறது. நம் முன்னோர் இந்த நோய்க்கு எலும்புருக்கி என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. தமிழ்நாடு 2022இல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ இந்த இடத்தைத்தான் பிடித்தது. நோய் உறுதியான உடனே எடை, மூச்சு, எழுந்து நடக்க முடிகிறதா என்று பார்த்து, மிக மெலிந்தவர்களை வீட்டுக்கு அனுப்பாமல் படுக்கையில் சேர்க்கிறார்கள். மத்திய அரசு காசநோயாளிக்கு 2018 முதல் தந்த மாதம் 500 ரூபாய், 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆனது. அந்தத் தொகையில் மாதம் முழுதும் முட்டை வாங்கிப் பார்க்கட்டும், மீதம் என்ன இருக்கும் என்று தெரியும்.

இனி வாத்தியார். படிப்பும் ஆயுளும் சேர்ந்தே நடக்கின்றன என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. படிப்புதான் ஆயுளைத் தூக்குகிறதா என்பதில்தான் சண்டை. பிரிட்டனில் பள்ளியை விட்டு நிற்கும் வயதை 1947இல் 14லிருந்து 15 ஆக்கினார்கள், 1972இல் 16 ஆக்கினார்கள். சட்டத்தால் கூடுதலாக ஓராண்டு பள்ளியில் உட்கார்ந்தவர்களுக்கும், சில மாதம் முன்பு பிறந்து தப்பியவர்களுக்கும் பின்னாளில் சாவு விகிதம் மாறியதா என்று பார்த்தால், பெரிதாக ஒன்றும் இல்லை. பெஞ்சில் உட்காருவது மட்டும் உயிர் காப்பதில்லை போலும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க மருத்துவர்களின் குழந்தைகள் மற்றக் குழந்தைகளைப் போலவேதான் ஏறக்குறைய இறந்துகொண்டிருந்தன. கை கழுவுவதும் பாலைக் காய்ச்சுவதும் எதற்கென்று அப்போது மருத்துவருக்கே சரியாகப் பிடிபடவில்லை. ஒரு தலைமுறைக்குள் அது தெரிந்தது. தெரிந்ததும் படித்தவர் வீட்டுக் குழந்தைகள் முன்னால் ஓடிவிட்டன. புகையிலும் இதே கதை. 1951இல் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் பிரிட்டிஷ் மருத்துவர்களை ஆய்வுக்கு எடுத்தபோது அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் புகைத்தார்கள். ஆய்வின் முடிவை முதலில் படித்தவர்களும் அவர்கள்தான், முதலில் விட்டவர்களும் அவர்கள்தான். அதன் பிறகுதான் சிகரெட் மெல்ல மெல்ல ஏழையின் பழக்கமாக இறங்கியது. உலகத்துக்குப் புதிதாக ஒன்று தெரியவரும்போது அதை முதலில் பிடித்துக்கொள்ளும் கை படித்தவனுடையது. பிற்பட்டவனுக்கும் அவனுக்கும் இடைவெளி திறப்பது அந்தக் கணத்தில்தான் என்று நான் நினைக்கிறேன்.

குழந்தைகள் விஷயத்தில் தாயின் படிப்புக்குத் தனி வலு உண்டு. மக்கள்தொகை ஆய்வாளர் ஜான் கால்ட்வெல் 1979இல் நைஜீரியாவை வைத்துச் சொன்னது இது: வீட்டு வருமானத்தையும் தகப்பன் வேலையையும் சமப்படுத்திய பிறகும், தாய் படித்திருந்தால் குழந்தை பிழைக்கிறது. காய்ச்சல் வந்த பிள்ளையை மாமியார் ஒப்புதலுக்குக் காத்திராமல் தூக்கிக்கொண்டு ஓடும் துணிவு அவளுக்கு வந்துவிடுகிறது. கேரளத்தையும் இலங்கையையும் அவர் பிறகு இதற்குச் சாட்சியாக நிறுத்தினார். 2020ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கில் ஆயிரம் பிறப்புக்கு இந்தியாவில் 28 குழந்தைகள் ஓராண்டுக்குள் இறந்தபோது தமிழ்நாட்டில் 13. அதில் சத்துணவுக்கும் பெண்பிள்ளைகள் பள்ளிக்குப் போனதற்கும் எவ்வளவு பங்கு, ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம்.

ஆனால் அந்தப் படித்த தாயால் கணவனின் பீடியைப் பிடுங்க முடிகிறதா என்றால், இல்லை. தேசியக் கணக்கெடுப்பில் புகையிலைப் பழக்கம் 2009–10க்கும் 2016–17க்கும் இடையில் இந்தியாவில் 34.6 விழுக்காட்டிலிருந்து 28.6 ஆக இறங்கியது, தமிழ்நாட்டில் 16.2லிருந்து 20 ஆக ஏறியது. இத்தனைக்கும் 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைக்கத் தடை உண்டு. சிகரெட் பெட்டியில் 85 விழுக்காடு எச்சரிக்கைப் படம் உண்டு. பீடியைக் கட்டாக வாங்காமல் ஒன்றிரண்டாக வாங்கிப் போகிறவர் படத்தைப் பார்ப்பதே இல்லை.

விட்டால் என்ன கிடைக்கும் என்பதும் தெரிந்ததுதான். டாலின் மருத்துவர்களை ஐம்பது ஆண்டு பின்தொடர்ந்து 2004இல் சொன்னார்கள்: முப்பதில் விட்டவர் இழந்த பத்தாண்டையும் ஏறக்குறைய முழுதாக மீட்கிறார், நாற்பதில் விட்டவர் ஒன்பது, ஐம்பதில் ஆறு, அறுபதில் மூன்று. சம்பளம் கூடுவதற்கோ பிள்ளை படித்து முடிப்பதற்கோ இருபது ஆண்டு காத்திருக்க வேண்டும். இது மட்டும்தான் இன்று தொடங்கி இன்றே கணக்கில் சேரும். நம்மிடையே விடுகிறவர்கள் பெரும்பாலும் நோயில் விழுந்த பிறகே விடுகிறார்கள். எக்ஸ்ரே உறையோடு பஸ் ஏறுகிற நாளில்.

விலை ஏறினால் ஏழைதான் முதலில் குறைப்பான் என்பது எல்லா நாட்டிலும் கண்டது. ஆனால் பீடிமேல் வரி போடும்போது அரசின் கை எப்போதும் நடுங்கும். 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது சிகரெட்டுக்கு 28 விழுக்காட்டுக்கு மேல் தனித் தீர்வையும் சேர்ந்தது. பீடிக்கு வெறும் 28. 2025 செப்டம்பரில் அதையும் 18 ஆக இறக்க முடிவு செய்தார்கள், பீடி இலைக்கு 5. காரணம் கேட்டால் திருநெல்வேலி, தென்காசி, வேலூர்ப் பக்கத்து வீடுகளில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களைக் காட்டுவார்கள். அந்தப் பெண்கள் இருப்பது உண்மை, அவர்கள் கூலி குறைவு என்பதும் உண்மை. 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வோர் ஆயிரம் பீடிக்கும் ஒரு சிறு தீர்வை பிடித்து, அவர்களுக்காக ஒரு நலநிதி வைத்திருந்தார்கள். ஜி.எஸ்.டி. வந்தபோது அந்தத் தீர்வை போய்விட்டது. அதுவரை அந்த நிதியிலிருந்து இரண்டு செலவுகள் தவறாமல் நடந்தன: பீடி சுற்றுகிறவர்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை, காசநோய் மருத்துவமனைகளில் அவர்களுக்கென்று ஒதுக்கிய படுக்கைகள்.